எதிர்ப்பதா, வழிவிடுவதா, கைகோர்ப்பதா? 1941 டிசம்பரில் தாய்லாந்து முன் இருந்த வழிகள்

1941 டிசம்பர் 7 இரவு ஜப்பானியத் தூதர் சுபோகமி தேய்ஜி பாங்காக்கில் தாய்லாந்துப் பிரதமரைப் பார்க்க வந்தார். பிரதமர் பிபுன் சோங்கிராம் ஊரில் இல்லை. கம்போடிய எல்லைப் பக்கம் போயிருந்தார். வெளியுறவு அமைச்சர் டிரெக் ஜெயநாமவிடம் தூதர் செய்தியைச் சொன்னார். பிரிட்டிஷ் மலாயாவையும் பர்மாவையும் தாக்க ஜப்பானியப் படை தாய்லாந்து வழியாகப் போக வேண்டும், விடிவதற்குள் பதில் வேண்டும் என்றார். வழி மட்டும் விட்டால் போதும்; விரும்பினால் கூட்டாகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்யலாம்; அதையும் தாண்டி ஜெர்மனி, இத்தாலியோடு சேர்ந்த முத்தரப்பு உடன்படிக்கையிலேயே இணையலாம் என்று ஜப்பான் படிப்படியாக மூன்று ஏற்பாடுகளைக் காட்டியது. நான்காவதான எதிர்த்துச் சண்டையிடுவது ஜப்பான் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த வழி.

அந்த அமைச்சரவை சரியாக முடிவெடுத்ததா என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒரு சாரார் நாட்டைக் காப்பாற்றிய சாமர்த்தியம் என்பார்கள். மறுசாரார் சரணாகதி என்பார்கள். இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. டிசம்பர் 8 காலை எடுத்த முடிவையும், ஜப்பானோடு கூட்டுச் சேர டிசம்பர் 21லும் போர் அறிவிக்க 1942 ஜனவரி 25லும் எடுத்த முடிவுகளையும் ஒன்றாகக் கட்டிப் பேசுகின்றன. முதல் முடிவு துப்பாக்கி முனையில் எடுக்கப்பட்டது. பின்னவை அப்படியல்ல.

வழிகளை எடைபோட நான்கு கேள்விகள் போதும். நிர்வாகம் தாய்லாந்துக்காரர் கையில் நிற்குமா? படை ஆயுதத்தோடு மிஞ்சுமா? அரிசி, ரயில், பணம் ஆகியவை யார் கட்டுப்பாட்டில் இருக்கும்? போர் முடிந்த பிறகு இந்த நாட்டை எந்தப் பக்கத்தில் வைத்துக் கணக்குத் தீர்ப்பார்கள்? கடைசிக் கேள்வியை அன்றைக்குப் பாங்காக்கில் கேட்டவர்கள் மிகச் சிலர். அதுதான் பிறகு எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த கேள்வியாக ஆனது.

நடுநிலை எப்படிக் கரைந்தது

டிசம்பர் 7 இரவில் வழிகள் சுருங்கிப் போயிருந்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய பத்தாண்டுகள்.

1931ல் ஜப்பானின் குவாந்துங் படை தோக்கியோவின் அனுமதிக்குக் காத்திராமல் மஞ்சூரியாவைப் பிடித்தது. 1933 பிப்ரவரியில் சர்வதேச சங்கம் அதைக் கண்டிக்கும் அறிக்கையை வாக்கெடுப்புக்கு விட்டபோது 42 நாடுகள் ஆதரித்தன, ஜப்பான் மட்டும் எதிர்த்தது, சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. சயாமுக்கு அது நடுநிலை. தோக்கியோ அதை நட்பாக எடுத்துக்கொண்டது. 1936ல், தரைப்படை, கடற்படை அமைச்சர்கள் பணியில் உள்ள அதிகாரிகளாகவே இருக்க வேண்டும் என்ற பழைய விதி ஜப்பானில் மீண்டும் வந்தது. அதன் விளைவு எளிமையானது: படைக்குப் பிடிக்காத அமைச்சரவைக்கு ஆள் தர மறுத்தால் அந்த அமைச்சரவை கவிழும். 1937ல் சீனாவுடன் முழுப் போர். அதன் பிறகு தோக்கியோவில் படையைத் தடுக்கும் கை எதுவும் மிஞ்சவில்லை.

1938 டிசம்பரில் பிரதமரான பிபுன், அடுத்த ஆண்டு நாட்டின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார். ஐரோப்பியப் போர் தொடங்கியதும் நடுநிலை அறிவித்தார். 1940 ஜூன் 12 அன்று ஒரே நாளில் பிரிட்டனோடும் பிரான்சோடும் போர் தவிர்ப்பு ஒப்பந்தங்கள், ஜப்பானோடு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தாயின. தாளில் பார்த்தால் இதைவிட நேர்த்தியான சமன்பாடு கிடையாது. அதே மாதம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்ததும் அது உடைந்தது. பழைய காலத்தில் பிரான்ஸ் பறித்துக்கொண்ட மேகோங் கரை நிலங்களையும் கம்போடியப் பகுதிகளையும் திரும்பப் பெற இதுதான் நேரம் என்று பிபுன் கணக்குப் போட்டார். எல்லைச் சண்டை மூண்டது. 1941 ஜனவரி 17ல் கோ சாங் தீவருகே பிரெஞ்சுக் கடற்படை தாய்லாந்தின் தோன்புரி போர்க்கப்பலை வீழ்த்தியது. ஆனால் ஜப்பான் நடுவராக உள்ளே வந்து, மே 9ல் தோக்கியோவில் கம்போடியாவின் பட்டம்பாங்கையும் மேகோங்கின் மேற்குக்கரைப் பகுதிகளையும் தாய்லாந்துக்கு வாங்கிக் கொடுத்தது.

என் கணிப்பில் தாய்லாந்தின் நடுநிலை போனது இங்கேதான். ஒரு வல்லரசின் தயவில் பெற்ற நிலத்தை அதே வல்லரசின் தயவில்தான் வைத்துக்கொள்ள முடியும். அமெரிக்கா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தாய்லாந்து விலை கொடுத்து வாங்கிய அமெரிக்கப் போர் விமானங்கள் 1940 அக்டோபரிலேயே மணிலாவில் நிறுத்திக்கொள்ளப்பட்டன. பிரிட்டனிடமோ கொடுக்க உபரி ஆயுதம் இல்லை. பிறகு எதிர்ப்பதற்கு ஆயுதம் கேட்டபோது இரு பக்கமும் கை விரித்தன.

1941 ஜூலையில் ஜப்பான் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த தென் இந்தோசீனாவில் இறங்கியது. அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கையிருப்பு தீர்வதற்குள் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய் வயல்களைப் பிடிக்க வேண்டும். அதற்கு முதலில் சிங்கப்பூர் விழ வேண்டும். சிங்கப்பூருக்குத் தரைவழியாகப் போகத் தென் தாய்லாந்தின் சோங்க்லா, பட்டானி விமான தளங்களும், ஹாட் யாய் சந்திப்பிலிருந்து மலாயாவுக்குள் போகும் மீட்டர் அகல ரயில் பாதையும் வேண்டும். பர்மாவுக்குப் போக தாக், மே சோட் வழி வேண்டும். தாய்லாந்து என்ன வாக்குறுதி கொடுத்திருந்தாலும் இந்தப் புவியியல் மாறியிருக்காது.

முதல் வழி: எதிர்த்து நிற்பது

செப்டம்பரில்தான் ஒரு சட்டம் வந்திருந்தது. யார் படையெடுத்தாலும் ஒவ்வொரு குடிமகனும் போராட வேண்டும், பின்வாங்க நேர்ந்தால் எதிரிக்குப் பயன்படக்கூடியதை அழிக்க வேண்டும் என்றது. டிசம்பர் 8 விடியலுக்கு முன் ஜப்பானியர் சோங்க்லா, பட்டானி, நக்கோன் சி தம்மராட், சும்போன், பிரசுவாப் கீரிகான் கரைகளில் இறங்கியபோது அங்கிருந்த படையினரும் காவலரும் அந்தச் சட்டப்படியே நடந்தார்கள். சும்போனில் பள்ளி வயது இளைஞர் படையினர் பாலத்தருகே நின்று சுட்டார்கள். பிரசுவாப்பில் வான்படைத் தளம் மறுநாள் நண்பகல் வரை விழவில்லை.

தைரியத்தில் குறையில்லை. கட்டளை அமைப்பில்தான் பெரிய ஓட்டை இருந்தது. பிரதமரே தலைமைத் தளபதி. சுடுவதை நிறுத்தவோ தொடரவோ சொல்லும் அதிகாரம் அவர் ஒருவருக்கே. காவல் துறைத் தலைவர் அதுல் நள்ளிரவில் அமைச்சரவையைக் கூட்டியும் யாரும் முடிவெடுக்கத் துணியவில்லை. பிபுன் காலை ஏழு மணி வாக்கில் வந்து சேரும் வரை, ஒருபுறம் கூட்டம் காத்திருந்தது. மறுபுறம் கடற்கரையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏழரை மணி வாக்கில் போர் நிறுத்த உத்தரவு போனது. தந்திக் கம்பிகள் அறுந்த இடங்களுக்கு அது நேரத்தில் எட்டவில்லை. பிரசுவாப் தளம் இரண்டாம் நாளும் போராடியதற்கு அதுவும் காரணம். உயர் அதிகாரத்தை ஒரே ஆளிடம் குவித்துவிட்டு, அவர் இல்லாதபோது யார் என்று எழுதி வைக்காத எந்த நாட்டுக்கும் இது நடக்கும்.

முழு எதிர்ப்பு எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்? பக்கத்து வீட்டைப் பார்த்தால் தெரியும். பிரிட்டன் ஆண்டுக்கணக்கில் தயாரித்து வைத்திருந்த மலாயா, சிங்கப்பூர் வீழ்ச்சியோடு சேர்த்துப் பத்து வாரத்தில் முடிந்தது. ஜப்பானியக் காவலர் டிவிஷன் இந்தோசீனாவிலிருந்து தரைவழியாகவே பாங்காக் நோக்கி வந்துகொண்டிருந்தது. இடையில் பெரிய தடை எதுவும் இல்லை. வடக்கே பின்வாங்கி சியாங் மாய் பக்கம் அரசை நடத்தலாம் என்ற எண்ணத்துக்கும் ஒற்றை ரயில் பாதைதான் துணை. ஆயுதம் உள்ளே வரத் துறைமுகம் கிடையாது. எதிர்ப்பு போருக்குப் பிந்தைய கணக்கில் முழு மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும். மற்ற மூன்று கேள்விகளிலும் பூஜ்யம். நிர்வாகம் ஜப்பானிய இராணுவ ஆட்சியின் கீழ் போயிருக்கும், படை கலைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் இரகசிய எதிர்ப்பு இயக்கத்துக்கு உள்நாட்டுக் காவல் துறையே மறைப்பாக இருந்ததெல்லாம் நடந்திருக்காது.

பிரிட்டனை நம்பியிருப்பது

இதை ஒரு தனி வழியாகச் சிலர் எண்ணினார்கள். பிரிட்டனிடம் மடடோர் என்ற திட்டம் இருந்தது: ஜப்பானியர் இறங்குமுன் 11வது இந்தியப் படைப்பிரிவு எல்லை தாண்டிச் சோங்க்லாவைப் பிடித்துக்கொள்வது. டிசம்பர் 5ல் லண்டன் அதைத் தொடங்கும் அதிகாரத்தைத் தளபதி புரூக்-போபமுக்குக் கொடுத்தது. 6ஆம் தேதி உளவு விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கடலில் பார்த்தும்விட்டது. ஆனால் கப்பல்கள் எங்கே போகின்றன என்று உறுதியாகாமல் முதலில் எல்லை தாண்டினால் நடுநிலை நாட்டைத் தாக்கிய பழி வரும். பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் கிராஸ்பியும் ஜப்பான் முதலடி அடிக்கும் முன் ஓர் அங்குலம்கூடத் தாய்லாந்து மண்ணில் கால் வைக்காதீர்கள் என்று மன்றாடினார். படை மழையில் காத்திருந்தது, திட்டம் கைவிடப்பட்டது. இன்னொரு சிறு படை 8ஆம் தேதி பெத்தோங் வழியாக உள்ளே நுழைந்தபோது தாய் காவலர்கள் அதன்மேல் சுட்டார்கள். செப்டம்பர்ச் சட்டம் வந்தவர் யார் என்று பார்க்கவில்லை. அந்தத் தாமதத்தால் பட்டானிச் சாலையில் பிடிக்க வேண்டிய மேட்டை ஜப்பானியர் முந்திக்கொண்டார்கள்.

பாங்காக்குக்குச் சர்ச்சில் அனுப்பிய செய்தியின் சாரம், தாக்கப்பட்டால் உங்களை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள், உங்கள் மீதான தாக்குதலை எங்கள் மீதானதாகக் கருதுவோம் என்பது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் தாய்லாந்துக்கு அனுப்ப ஒரு படைப்பிரிவுகூட இல்லை. இந்த வழியை இதற்கு மேல் எடைபோட ஒன்றும் இல்லை.

வழி மட்டும் விடுவது

டிசம்பர் 8 முற்பகலில் அமைச்சரவை தேர்ந்தது இதைத்தான். ஜப்பான் காட்டிய மூன்றில் மிகக் குறைந்த ஏற்பாடு. படை கடந்து போகலாம். தாய்லாந்தின் சுதந்திரத்துக்கு மதிப்பு. தாய் படையின் ஆயுதம் பறிக்கப்படாது. நிதி அமைச்சர் பிரிடி பனோம்யோங் போன்றவர்கள் மனமின்றியே இதற்கு இணங்கினார்கள்.

இதன் குறை என்ன? எத்தனை பேர், எத்தனை நாள், எந்தப் பாதை, செலவு யாருடையது என்ற வரம்புகள் இல்லை. ஆனால் வரம்பு எழுதியிருந்தால் நின்றிருக்குமா என்பதற்கு இந்தோசீனா சாட்சி. 1940 செப்டம்பர் 22ல் பிரெஞ்சு நிர்வாகம் வடபகுதியான டோங்கினில் மூன்று விமான தளங்கள், அதிகபட்சம் 6,000 வீரர்கள் என்று எண்ணிக்கையோடு கையெழுத்திட்டது. அன்றிரவே வேறொரு ஜப்பானியப் படை எல்லை தாண்டி லாங் சோனைத் தாக்கியது. பத்து மாதத்தில் தென் பகுதியும் போனது. 1945 மார்ச் 9ல் பிரெஞ்சு நிர்வாகமே கலைக்கப்பட்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பதற்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு வேண்டாம்.

நடுநிலையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு: போர்த்துகீசியத் திமோர். போர்த்துகல் போரில் இல்லை. 1941 டிசம்பர் 17ல் டச்சு, ஆஸ்திரேலியப் படைகள் ஆளுநரின் எதிர்ப்பையும் மீறி அதன் தலைநகர் டிலியில் இறங்கின. 1942 பிப்ரவரி 19 இரவு ஜப்பானியர் இறங்கினார்கள். இரு தரப்பின் கெரில்லாச் சண்டைக்கும் பழிவாங்கலுக்கும் நடுவே இறந்த திமோர் மக்கள் 40,000 முதல் 70,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். லிஸ்பனில் நடுநிலை குலையாமல் இருந்தது. அதன் விலையைத் திமோர்த் தீவு கொடுத்தது.

இவற்றோடு வைத்துப் பார்த்தால், டிசம்பர் 8 காலையில் வழிவிடுவதே இருந்தவற்றில் தாங்கக்கூடியது. நிர்வாகமும் படையும் கையில் இருந்தன. போருக்குப் பின், துப்பாக்கி முனையில் இணங்கினோம் என்று சொல்ல முகமும் இருந்தது.

கைகோர்ப்பது

அந்த முகத்தை இரண்டே வாரத்தில் தொலைத்தார்கள். டிசம்பர் 10ல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் மலாயாவுக்கு அப்பால் மூழ்கின. ஜெயிக்கிற குதிரை எது என்று பிபுன் முடிவு செய்துவிட்டார். மறுத்தால் ஜப்பான் தன் இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்கும் என்ற பயமும் இருந்தது. டிசம்பர் 21ல் பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலில் ஜப்பானோடு இராணுவக் கூட்டணி கையெழுத்தானது. எதிர்ப்பாளரான பிரிடி அமைச்சரவையிலிருந்து அகற்றப்பட்டு, சுவிட்சர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த இளம் அரசரின் பெயரில் ஆளும் அரசப் பிரதிநிதிக் குழுவுக்கு அனுப்பப்பட்டார். அதிகாரம் இல்லாத இடம் என்று நினைத்து அனுப்பியது பிற்பாடு நாட்டைக் காத்தது. ஜனவரியில் நேசநாட்டு விமானங்கள் பாங்காக்கில் குண்டு வீசின. ஜனவரி 25ல் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் தாய்லாந்து போர் அறிவித்தது.

வழிவிடுவதோடு நின்றிருந்தால் குண்டு விழுந்திருக்காதா? விழுந்திருக்கும், பாங்காக் ஜப்பானின் சரக்கு மையமாகிவிட்டது. சயாம் மரண ரயில் பாதையும் வந்திருக்கும். நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இணைந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவானியரும் அதைவிடப் பல மடங்கு பேர் காலராவிலும் பட்டினியிலும் இறந்தார்கள். கைதிகளுக்குக் கல்லறைகள் எழுந்தன, தோட்டத் தொழிலாளிகளுக்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை. பிபுன் போர் அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அந்தப் பாதையை ஜப்பான் போட்டிருக்கும். ஆகவே கூட்டணி எதிலிருந்தும் காக்கவில்லை என்பதுதான் சரியான கணக்கு.

அது கொடுத்தது என்ன? 1942 மே மாதம் தாய் படை பர்மாவின் ஷான் மாநிலங்களுக்குள் போய் கெங்துங்கைப் பிடித்தது. 1943ல் ஜப்பானியப் பிரதமர் டோஜோ நேரில் பாங்காக் வந்து, ஷான் மாநிலங்களில் இரண்டோடு கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மலாய் மாநிலங்களையும் தாய்லாந்துக்குத் தருவதாக அறிவித்தார். பெற்ற நிலம் அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டதோ அதிகம். பலரும் படை நடமாட்டத்தையே பார்ப்பார்கள். உண்மையான கசிவு செலாவணியில் இருந்தது. அதுவரை தாய்லாந்து நாணயமான பாட் நூறுக்கு 150 யென்னுக்கு மேல் கிடைத்தது. 1942 ஏப்ரலில் ஒரு பாட்டுக்கு ஒரு யென் என்று மாற்றச் செய்தார்கள். ஒரே கையெழுத்தில் ஜப்பான் வாங்கும் அரிசி, தகரம், ரப்பர், மரம் எல்லாம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலிவாயின. அடுத்து, ஜப்பானியப் படையின் உள்ளூர்ச் செலவுக்குத் தாய்லாந்தே பாட் கடன் கொடுத்தது. ஈடாக தோக்கியோவில் யென் கணக்கு எழுதப்பட்டது. அந்த யென்னைக் கொண்டு வாங்க ஜப்பானில் சரக்கு இல்லை. பாங்காக் நோட்டு அடித்தது, விலை ஏறியது. போர் முடிந்தபோது கொடுத்த கடன் சுமார் 150 கோடி பாட். 1955ல் ஜப்பான் ஒத்துக்கொண்ட தீர்வு ஐந்து ஆண்டில் 540 கோடி யென் ரொக்கம், 960 கோடி யென் கடன் வசதி. அந்தக் கடன் வசதியையும் நன்கொடையாக மாற்ற 1962 வரை பேச வேண்டியிருந்தது.

நான்காவது கேள்விக்கு வருவோம். போர் அறிவிப்பில் அரசப் பிரதிநிதிகள் மூவர் கையெழுத்திட வேண்டும். பிரிடி ஊரில் இல்லை. அவர் ஒப்பமிடாமலே அறிவிப்பு வெளியானது. வாஷிங்டனில் தூதராக இருந்த செனி பிராமோஜ் அறிவிப்பை அமெரிக்க அரசிடம் கொடுக்க மறுத்துவிட்டார். அமெரிக்காவும் பதிலுக்குப் போர் அறிவிக்காமல், தாய்லாந்தை எதிரி பிடித்துவைத்த நாடாகக் கருதியது. வெளியே செனி, உள்ளே பிரிடி என்று ஜப்பானை எதிர்க்கும் 'சேரி தாய்' என்ற இரகசிய இயக்கம் வளர்ந்தது. பிரிட்டனிடம் அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. பிரிட்டன் பதிலுக்குப் போர் அறிவித்தது. ஒரே அறிவிப்பு, இரண்டு தலைநகரங்களில் இரண்டு விளைவு.

1945 ஆகஸ்ட் 16ல், ஜப்பான் சரணடைந்த மறுநாள், பிரிடி போர் அறிவிப்பு செல்லாது என்று பிரகடனம் செய்தார். அமெரிக்கா அதை உடனே ஏற்றது. பிரிட்டனோடு 1946 ஜனவரி 1ல் சிங்கப்பூரில் தனி ஒப்பந்தம் போட வேண்டி வந்தது: மலாய், ஷான் பகுதிகளைத் திருப்பிக் கொடுப்பதோடு, 15 லட்சம் டன் அரிசி விலையின்றித் தர வேண்டும். அமெரிக்கா இடையில் பேசித்தான் கடுமையான வேறு நிபந்தனைகள் தளர்ந்தன. சில மாதங்களில் அந்த அரிசிக்கும் விலை தருவதாக மாற்றப்பட்டது. கடைசியாக பிரான்ஸ். 1946 நவம்பர் 17ல் பட்டம்பாங்கும் மேகோங் கரை நிலங்களும் திரும்பிப் போயின. பிரான்ஸ் தடுக்காததால் டிசம்பர் 16ல் தாய்லாந்து ஐ.நா. உறுப்பு நாடானது. 1941 மே மாதம் ஜப்பான் வாங்கிக் கொடுத்ததிலும் 1943ல் டோஜோ அறிவித்ததிலும் ஒரு கிராமம்கூடத் தாய்லாந்திடம் மிஞ்சவில்லை.